ஓடிப்போனவளுக்காக மன்றாடுவோம்

சேசு மரி சூசை

ஃபேரர் பார்க்,
12-2-1984

உர்சுலாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் செசிலியும் நலம். உன் நலத்துக்கும் அவரையே வேண்டிக்கொள்கிறேன்.

உன் டெலிபோன் எண்ணையும் விலாசத்தையும் உன் சின்னம்மா பிலோமினம்மாளிடம் கெஞ்சி வாங்கினேன். என் குரலைக் கேட்டதும், "எதுவா இருந்தாலும் எழுதுங்க, பேசினா அப்புறம் மாத்திடுவீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். பத்து வருடம் கழித்துக் கணவனிடம் பேசுகிற பேச்சா அது? இருக்கட்டும், எழுதுகிறேன்.

நம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பையன் பெயர் ஜார்ஜ். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் டெக்னீஷியன். ஞாயிறு பூசை தவறுவதில்லை, குடி கிடையாது. தகப்பன் இல்லை. தாய் அல்போன்சம்மாள் கிளமெண்டி கோயிலில் மரியாயின் சேனைப் பெண்களுக்குத் தலைவி. ஜூன் இரண்டாம் தேதி நம் கோயிலில் கல்யாணம். அதற்கு முன் மே மாதத்தில் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்துச் சபைக்கு அறிவிக்க வேண்டும்.

இடையில் ஒரு சிக்கல். யாரோ அல்போன்சம்மாளின் காதில் போட்டிருக்கிறார்கள். "ஓடிப்போனவ மகளாமே" என்று என்னிடமே கேட்டார். நான் சமாளித்தேன். உனக்கு உடம்புக்கு முடியாமல் இத்தனை காலம் பினாங்குப் பக்கம் என் அக்கா வீட்டில் இருந்தாய், இப்போது தேறித் திரும்பிவிட்டாய் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தாய் உயிரோடு இருக்கும்போது, தாய் கையால் நெற்றியில் சிலுவை வாங்காமல் தன் மருமகள் கோயிலுக்குப் புறப்படக்கூடாதாம். நீ வந்து நிற்பாய் என்று தெரிந்தால்தான் ஓலைக்குச் சம்மதிப்பார்.

ஆகவே நீ வர வேண்டும். பினாங்கு என்று நான் சொன்னதையே நீயும் சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன். நடந்ததை எல்லாம் நான் மன்னித்துவிட்டேன். அதையும் உனக்குத் தெரியப்படுத்தவே இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
சுவிசேஷமுத்து


பிடோக்,
18-2-1984

திரு. சுவிசேஷமுத்து அவர்களுக்கு,

மன்னித்துவிட்டீர்களாம். எதை என்று எழுத மறந்துவிட்டீர்கள். ஆபீசில் கிராணியாக முப்பது வருடம் எழுதிக்கொண்டிருக்கிறவர் இப்படி விஷயத்தை விட்டுவிட்டு எழுதலாமா?

உங்களுக்கு ஞாபகமூட்டுகிறேன். நான் அந்த வீட்டைவிட்டுப் புறப்பட்டது பட்டப்பகலில். நீங்கள் லீவு போட்டிருந்தீர்கள். கோப்பியில் ரொட்டியை முக்கிக்கொண்டிருந்தீர்கள். "நான் போறேன். பாலஸ்டியர்ல சின்னம்மா வீட்டுல இருப்பேன். செசிலியை ஸ்கூல்லேருந்து நானே கூட்டிக்கிறேன்" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். நீங்கள் தலையைத் தூக்காமல் "போ" என்றீர்கள். கீழே மளிகைக் கடை முத்துசாமியிடமும் சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் கண்டக்டர் வடிவேலு, தெரிந்த பையன் ஆயிற்றே, என் பையை வாங்கி உள்ளே வைத்தார். இவ்வளவுதான் நடந்தது.

பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்தன. என் பிள்ளை வரவில்லை. தகப்பனார் முன்னாலேயே வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார் என்று கன்னியாஸ்திரி சொன்னார். ரொட்டியை அவ்வளவு வேகமாக நீங்கள் என்றைக்குத் தின்று முடித்தீர்கள் என்று இன்றும் யோசிக்கிறேன்.

அடுத்த ஞாயிறு செசிலியைப் பார்க்கலாம் என்று பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்க நீங்கள் எழுந்தீர்கள். பாப்பரசருக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டைவிட்டு ஓடிப்போன என் மனைவி உர்சுலா மனந்திரும்ப வேண்டுமென்று மன்றாடுவோம்" என்றீர்கள். கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. இதைக் கேளுங்கள்: நானும் சொன்னேன். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அது நான் என்று புரிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிப்போனவளே உட்கார்ந்து தனக்காக வேண்டிக்கொள்கிற அதிசயத்தை நம் கோயில் அன்றுதான் பார்த்தது.

நீங்கள் போட்ட வார்த்தை சும்மா இருக்கவில்லை. ஒரு ஆம்பிளை ஓடிப்போனான் என்றால் ஜனங்கள் எங்கே என்று கேட்கிறார்கள். பொம்பிளை ஓடிப்போனாள் என்றால் யாரோடு என்று கேட்கிறார்கள். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனால் எனக்குப் பின்னாலேயே கேட்டது, "யாரோட-லா?" பை தூக்கின பாவத்துக்கு வடிவேலுவை அவர்களே எனக்கு ஜோடி சேர்த்துவிட்டார்கள். அந்தப் பையன் வேறு ரூட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். என் மகள் என்னைத் தெருவில் பார்த்தபோது சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை. நான் அனுப்பிய பிறந்தநாள் பார்சல்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன.

வருகிறேன். மகள் நெற்றியில் சிலுவை போட எனக்குக் கசக்குமா? ஆனால் ஓலை தொடங்குவதற்கு முன், அதே கோயிலில், அதே மன்றாட்டில், நீங்கள் எழுந்து நின்று இதைச் சொல்ல வேண்டும்: "என் மகன் அந்தோனி சாகக் கிடந்தபோது அவனையும் அவன் தாயையும் விட்டு ஓடிப்போன எனக்காக மன்றாடுவோம்." ஒரு எழுத்து மாறக்கூடாது. செசிலி அங்கே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

உர்சுலா


சேசு மரி சூசை

ஃபேரர் பார்க்,
26-2-1984

உர்சுலா,

உன் கடிதத்தை வாசித்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இறந்துபோன குழந்தையை இழுத்துக்கொண்டு வந்து என் முகத்தில் எறிகிறாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா?

நான் ஓடிப்போகவில்லை. அந்தோனிக்காக வேண்டுதலுக்குப் போனேன். புக்கிட் மெர்தாஜமில் புனித அன்னம்மாள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலில் நின்று அழுதவன் நான். வைத்தியர்கள் கைவிட்ட பிறகு தகப்பன் வேறு என்ன செய்வான்? நீ அவன் கட்டிலண்டை இருந்தாய், நான் அவனுக்காகச் சாமியண்டை இருந்தேன். இரண்டும் ஒரே வேலைதான். இதைப் புரிந்துகொள்ளாமல் பதினாறு வருடம் மனதில் வைத்திருந்தாயா?

நீ செய்தது வேறு. ஒரு குடும்பப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்குத் தமிழில் வேறு என்ன பெயர்? நான் அகராதி பார்த்து வைத்த பெயர் அல்ல அது. ஊரே வைத்திருக்கிற பெயர். அன்றைக்கு நான் மன்றாட்டில் சொன்னதும் உன் நன்மைக்காகத்தான். சபையே வேண்டிக்கொண்டால் நீ திரும்பி வருவாய் என்று நம்பினேன்.

நான் பங்குப் பேரவையில் இருக்கிறவன். கோயிலில் எழுந்து நின்று என்னையே நான் அசிங்கப்படுத்திக்கொண்டால் அந்த அழுக்கு செசிலி மேலும்தான் விழும். அவளுக்காகவாவது இந்தப் பிடிவாதத்தை விடு.

சுவிசேஷமுத்து


பிடோக்,
4-3-1984

திரு. சுவிசேஷமுத்து அவர்களுக்கு,

அன்னம்மாள் திருநாள் ஜூலை மாதம். அந்தோனி அக்டோபரில் செத்தான். நீங்கள் செப்டம்பரில் போனவர். எந்த மெழுகுவர்த்தி அவ்வளவு நேரம் எரியும்?

அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், எதிர்வீட்டு அப்துல் முத்தலிப் தபால் ஆபீசுக்குப் போய் உங்கள் அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு ட்ரங்க் கால் போட்டார். கடைக்காரர் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்து பேச வைத்தார். "இதோ கிளம்புறேன் பாய்" என்று சொன்னீர்கள். அதை நம்பி அவர் ரயில் நிலையத்துக்குப் போய்க் காத்துக் கிடந்தார். நீங்கள் வரவில்லை. மறுநாளும் போனார். அன்றைக்கும் வரவில்லை. பிறகு ஒரு மரணத்தில் உங்கள் அக்காவைப் பார்த்தபோது அக்காவே என்னிடம் அழுதார்: "போன் பேசிட்டு வந்து தோட்டத்துல போய் உக்காந்தான். கிளம்புடான்னு நான் தள்ளினேன். என்னால அதைப் பார்க்க முடியாதுக்கான்னு சொல்லிட்டான்."

என்னால் மட்டும் பார்க்க முடிந்ததா? பார்த்தேன். வேறு யாரும் இல்லாததால் பார்த்தேன். எதிர்வீட்டுச் சம்சுன்னிசா அவனைக் குளிப்பாட்ட எனக்குக் கை கொடுத்தாள். பிடாடரி கல்லறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் அப்துல் முத்தலிப். தகப்பன் எங்கே என்று பங்குச் சாமியார் கேட்டார். வேண்டுதலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னது யார் தெரியுமா? நான்தான். நீங்கள் இப்போது எனக்கு எழுதியிருக்கிற அந்தப் பொய்யை முதலில் தைத்து உங்களுக்குப் போட்டுவிட்டவள் நான். உங்கள் மானத்தை அன்றைக்கு நான் காப்பாற்றினேன். ஆறு வருடம் கழித்து என் மானத்தை நீங்கள் மைக்கில் வைத்தீர்கள்.

திரும்பி வந்து அவன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அலமாரிக்கு மேலே போட்டீர்கள். அவன் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது என்றீர்கள். ஆறு வருடம் பொறுத்துப் பார்த்தேன், அதனால்தான் நான் போனேன். வேறு காரணம் யார் சொன்னாலும் அது அவர்கள் சமைத்தது.

ஓடிப்போவதற்கு ஊர் வைத்திருக்கிற அர்த்தத்தையே எடுத்துக்கொள்வோம். சொல்லாமல் போக வேண்டும். நான் சொல்லிவிட்டுப் போனேன். இருக்குமிடம் தெரியக்கூடாது. நான் இடத்தைச் சொன்னேன். நம்பியிருப்பவர்களைத் தவிக்கவிட்டுப் போக வேண்டும். உங்களைத் தவிர வேறு யாருக்கு இது பொருந்துகிறது? உங்கள் வார்த்தையை உங்களிடமே திருப்பிக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

உர்சுலா


ஃபேரர் பார்க்,
20-3-1984

அன்புள்ள உர்சுலா,

சண்டை வேண்டாம். எனக்கும் வயதாகிறது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

அல்போன்சம்மாள் நேற்று வந்திருந்தார். "பொண்ணோட அம்மாவை எப்பக் காட்டுவீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் போன பிறகு செசிலி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் உன்னைப் பற்றி என்னிடம் எதுவும் பேசுவதில்லை, ஆனால் இந்தக் கல்யாணம் நின்றால் அவள் தாங்க மாட்டாள். அது உனக்கும் தெரியும்.

நான் யோசித்துப் பார்த்தேன். மன்றாட்டில் சொல்லச் சம்மதிக்கிறேன். ஆனால் சொல்லைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். "மகன் நோயுற்றிருந்தபோது ஊரில் இல்லாத எனக்காக" என்று சொல்கிறேன். அது போதாது என்றால் "கடமையிலிருந்து விலகி நின்ற எனக்காக" என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் பிடிக்காவிட்டால் "குடும்பத்தைப் பிரிந்து சென்ற". இதில் எல்லாம் விஷயம் வந்துவிடுகிறது, கோயிலில் சொல்லவும் மரியாதையாக இருக்கிறது. நீ சொல்கிற சொல் தெருச்சொல். ஒரு பீடத்துக்கு முன்னால் நின்று அதை எப்படிச் சொல்வது?

வேண்டுமானால் உன்னைப் பற்றியும் "ஓடிப்போன" என்பதை எடுத்துவிட்டு "பிரிந்து வாழும்" என்று பேரவை ஆட்களிடம் தனித்தனியே சொல்லிவிடுகிறேன். நீ நிம்மதியாக வந்துபோகலாம்.

உன் பதிலை எதிர்பார்த்து,
சுவிசேஷமுத்து


பிடோக்,
25-3-1984

திரு. சுவிசேஷமுத்து அவர்களுக்கு,

ஊரில் இல்லாதவர் என்பது தபால்காரர் கடிதத்தின் மேல் எழுதுவது. விலகி நிற்பவன் என்றால் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்கு வழிவிடுகிறவன். பிரிந்து செல்கிறவர்கள் ரயிலடியில் கைகாட்டிக்கொண்டு போவார்கள். நீங்கள் இதில் எதைச் செய்தீர்கள்?

பீடத்துக்கு முன்னால் அந்தத் தெருச்சொல்லை எப்படிச் சொல்வது என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு அதில் பழக்கம் இருக்கிறதே. என்னைச் சொன்னபோது நாக்கு எப்படிப் புரண்டதோ அப்படியே புரட்டுங்கள். ஒலிபெருக்கி கூட அதேதான் இருக்கும், நம் பங்கில் எதை மாற்றுகிறார்கள்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓலை வாசிக்கும்போது தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார்கள். நான் வந்து ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று உங்களுக்கு உள்ளே பயம் இருக்கும். பயப்படாதீர்கள். ஓலை என் மகளுடையது, அதைத் தொடமாட்டேன். நீங்கள் மன்றாட்டில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவளுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் நான் வந்து நிற்கிறது உங்கள் வாயில் இருக்கிறது. அல்போன்சம்மாளுக்கு என்னைக் காட்ட வேண்டிய தேவை உங்களுக்குத்தான், எனக்கல்ல.

ஊர் கேட்க வேண்டும் என்று கூட எனக்கு இல்லை. ஊர் எக்கேடு கெட்டால் எனக்கென்ன? செசிலி கேட்க வேண்டும். யார் யாரை விட்டுப் போனார்கள் என்று அவள் ஒரு தடவை சரியாகக் கேட்க வேண்டும். அதற்கு வேறு சொல் போதாது. என்னிடமிருந்து அவளைப் பறித்த சொல் அதுதான்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு சௌகரியமாக இருக்கும். நல்ல கூட்டம் இருக்கும்.

உர்சுலா


சேசு மரி சூசை

ஃபேரர் பார்க்,
30-4-1984

அன்புள்ள உர்சுலா,

நேற்று சொல்லிவிட்டேன். நீ எழுதியபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல்.

"ஓடிப்போன எனக்காக மன்றாடுவோம்" என்று சொல்லி முடித்துத் தாளை மடித்தேன். பிறகு எல்லோருமாக, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். இவ்வளவு உரக்க அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. முன் பெஞ்சில் சிலர் அழுதார்கள்.

பூசை முடிந்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டு பக்கவாசல் வழியாகப் போகப் பார்த்தேன். விடவில்லை. ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். பெற்ற பிள்ளை சாவதை எந்தத் தகப்பனால் பார்க்க முடியும் என்றார்கள். பங்குச் சாமியார், இது பெரிய தாழ்மை, தபசு காலத்திலேயே செய்திருந்தால் பிரசங்கத்தில் சொல்லியிருப்பேன் என்றார். அல்போன்சம்மாளும் வந்திருந்தார். இப்படிப்பட்ட மனசுள்ள ஆளுக்குச் சம்பந்தியாவது பாக்கியம் என்று சொல்லி என்னைத் தழுவிக்கொள்ளாத குறைதான்.

செசிலி வீடுவரை என் கையை விடவில்லை. "இவ்ளோ நாள் இதை மனசுல வச்சிக்கிட்டு எப்படி இருந்தீங்கப்பா?" என்று அழுதாள். சின்னப் பிள்ளையில் என்னோடு ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தாள்.

உனக்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும். மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கிவிட்டது. என் பங்கு முடிந்தது. இப்போது நீ வாக்குத் தவறாமல் வந்துவிடு.

அன்புடன்,
சுவிசேஷமுத்து


பிடோக்,
5-5-1984

திரு. சுவிசேஷமுத்து அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து இரண்டு தட்டுகளை உடைத்தேன். என் தட்டுகள்தான், ஆகையால் உங்களுக்குக் கவலை வேண்டாம்.

சின்னம்மாவும் வந்து சொன்னார். கோயில் வாசலில் என்ன பேசிக்கொண்டார்களாம் தெரியுமா? "பிள்ளை சாவைத் தாங்க முடியாமப் போயிட்டார், பாவம்." போயிட்டார். நீங்களே உங்கள் வாயால் ஓடிப்போனேன் என்று சொல்லியும், அவர்கள் அதிலிருந்து ஓட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் போட்ட அன்றைக்கு யாரும் கழிக்கவில்லை. கூட ஒரு கண்டக்டரையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

உங்களுக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. எத்தனை தடவை பூசினாலும் ஒட்டாது போலிருக்கிறது. பதினாறு வருடம் நான் அடைகாத்த கோபத்தை எடுத்துக்கொண்டு போய் உங்களுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு வந்திருக்கிறேன். என் மகளையும் உங்கள் கையில் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். இந்த முட்டாள்தனத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

வருகிறேன். நான் சொன்ன சொல் மாறுவதில்லை. ஜூன் இரண்டாம் தேதி காலையில் சின்னம்மாவோடு வந்து செசிலி நெற்றியில் சிலுவை போடுவேன், கோயிலில் உங்கள் பக்கத்தில் நிற்பேன், மண்டபத்தில் சம்பந்தியம்மாளோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். ஆனால் பினாங்கு கதை என்னிடம் எடுபடாது. கேட்டதற்கு உள்ளதைச் சொல்வேன்.

உர்சுலா


ஃபேரர் பார்க்,
11-6-1984

உர்சுலா,

நீ செய்தது நியாயமா?

காலையில் நீ செசிலிக்குச் சிலுவை போட்டபோது அவள் உன் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனாலும் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். கோயிலில் நீ என் பக்கத்தில் அமைதியாக நின்றாய். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் பிரியாணி பரிமாறும்போது அல்போன்சம்மாள் மரியாயின் சேனைப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து அன்பாகத்தானே கேட்டார், "பினாங்குல இருந்தீங்களாமே, இப்ப உடம்பு தேவலையா?"

நீ தண்ணீரைக் குடித்துவிட்டு, "பினாங்கை நான் கண்ணால பார்த்ததில்லைங்க. நான் ஓடிப்போயிருந்தேன்" என்றாய். சாப்பாட்டுக்கு என்ன குறை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாய். அந்தச் சேனைப் பெண்களில் ரத்தினம்மாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, "யாரோட?" என்று கேட்டுவிட்டாள். அப்போது நீ என் தோளில் கையை வைத்தாய்.

"யாரோடயும் இல்ல. இவர்கிட்டேருந்து" என்றாய். "பிள்ளை செத்தப்போ இவர் ஒரு தடவை ஓடினார். அப்புறம் நான் ஒரு தடவை ஓடினேன். என்ன, நான் ஓடினப்போ விலாசம் குடுத்துட்டுப் போனேன்."

அவர்கள் சிரித்தார்கள், உர்சுலா. முதலில் ஒருத்தி, பிறகு அந்த மேசை முழுவதும். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றேன். அதன் பிறகு பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். செசிலி மணவறை மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு என் கையைப் பிடித்தவர்கள் இப்போது, "அப்படி என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்கிறார்கள். நேற்று மன்றாட்டு வாசிக்க எழுந்தபோது பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து வேறு ஆள் வாசிக்கட்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். செசிலி கிளமெண்டிக்குப் போன பிறகு ஒரு தடவை கூட போன் செய்யவில்லை. நான் செய்தால் ஜார்ஜ்தான் எடுக்கிறான்.

கெஞ்சிக் கேட்கிறேன். இனி யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லாதே. பிரிந்து வாழ்கிறோம் என்று சொல். உனக்குச் சம்மதம் என்றால் சாமியார் காலில் விழுந்தாவது இன்னும் ஒரே ஒரு ஞாயிறு அனுமதி வாங்கி, "என் மனைவி உர்சுலா ஓடிப்போகவில்லை, நான் பொய் சொன்னேன்" என்று சபைக்கு முன்னால் வாசிக்கிறேன். உன் பெயரைக் கழுவித் தருகிறேன்.

சுவிசேஷமுத்து


பிடோக்,
18-6-1984

திரு. சுவிசேஷமுத்து அவர்களுக்கு,

பத்து வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு வரி எழுதியிருந்தால் நான் உங்கள் காலில் விழுந்திருப்பேன். இப்போது வேண்டாம். அந்தச் சொல் எனக்குப் பழகிவிட்டது. நான் ஓடித்தான் போனேன். தப்பித்து ஓடினேன். நீங்கள் இல்லை என்று வாசித்தால் நானே எழுந்து நின்று ஆமாம் என்று சொல்வேன்.

என்னை இத்தனை வருடம் எல்லோரும் யாரோடு என்று கேட்டார்கள். எதைவிட்டு என்று ஒருவர் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருங்கள். உங்களுக்குத்தான் நிறையச் சொற்கள் தெரியுமே.

நேற்று செசிலி வந்தாள். கதவைத் திறந்தபோது உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கேட்டாள்: "நெசமாவே விலாசம் குடுத்தீங்களா? நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியாதுன்னு அப்பா சொன்னாரே." கொடுத்தேன் என்றேன். "பார்சல்?" என்றாள். ஒரு பார்சலும் அவள் கைக்கு வந்ததில்லையாம். மண்டபத்தில் சின்னம்மா சொல்லித்தான் அப்படி ஒன்று வந்ததே தெரியுமாம். திருப்பி அனுப்பியது அவள் என்று இத்தனை நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்களா என்றும் கேட்டாள். வாசலில் நின்றதைச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நான் அந்த வீட்டிலிருந்து எடுத்து வந்த அந்தோனி படத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். ஆறு வயதில் பார்த்த முகம், அவளுக்கு மறந்தே போயிருந்தது. சாப்பிட்டாள், மாலைவரை இருந்தாள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

புறப்படும்போது என் வீட்டுச் சாவி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். ஃபேரர் பார்க் வீட்டுச் சாவியைத் தன் வளையத்திலிருந்து கழற்றி என் மேசை மேல் வைத்தாள். "இதை அப்பாவுக்குத் தபால்ல அனுப்பிடுங்கம்மா" என்றாள்.

இத்துடன் வைத்திருக்கிறேன்.

உர்சுலா